திருத்தாமல் விட்ட எழுத்து

வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் என் கோழிகள் இரண்டு நாளைக்கு முட்டையிடாது. கோழிகள் பன்மை, ஆகவே ‘முட்டையிடா’ என்று எழுதுவதுதான் முறை. ஆனால் வாயால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இருக்கட்டும்.

நடந்ததை ஒரு பக்கத்துக்குள் என் கையெழுத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். ஒரு பக்கம் போதாது. முப்பத்தொரு வருடமாக அடுத்தவர் எழுதியதைத் திருத்தியே பழகியவளுக்குத் தன் பேரில் எழுத ஒரு வாய்ப்புக் கிடைத்தால் கொஞ்சம் நீளத்தான் செய்யும். உங்கள் மேசைக்கு எதிரே போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கான்ஸ்டபிள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பேனாவும் நன்றாக எழுதுகிறது. என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. இதையும் எழுத வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டது ஆற்றைப் பற்றி. கோழியைச் சொல்லாமல் ஆற்றைச் சொன்னால் உங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

நான் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துபவள். மாடியில் தாள் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு சிவப்புப் பேனா, ஒரு ஸ்கேல். படிக்கிற வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து மறைத்துக்கொள்வேன். அடுத்த வரி தெரிந்தால் கண் கதை கேட்க ஓடிவிடும். கதை கேட்கிற கண்ணுக்குப் பிழை தெரியாது. நாங்கள் சொற்களைப் படிப்பதில்லை, எழுத்துகளைப் படிக்கிறோம். ரகரமா றகரமா, லகரமா ளகரமா, ஒற்று உண்டா இல்லையா. சில சமயம் பிழை என்று நினைத்து ஒரு சொல்லை அடித்துவிட்டு, பிறகு எழுதியவர் எழுதியதே சரி என்று தெரியவரும். அப்போது அந்தச் சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுத வேண்டும். அதைப் பார்த்தால் அச்சுக்குப் பக்கம் கட்டுகிறவர் அந்தச் சொல்லில் கை வைக்க மாட்டார். எங்கள் தொழிலில் அது கட்டளை.

வீட்டில் அது கட்டளை இல்லை. வெறும் பேச்சு. அண்ணன் வெளியூரில் படிக்கப் போக வேண்டும், அம்மாவோடு ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று வந்தபோது இருக்கட்டும் என்றேன். எனக்குப் பார்த்த இடம் அம்மாவின் உடம்பைச் சொல்லித் தட்டிப்போனபோதும் இருக்கட்டும் என்றேன். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. விவரம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அண்ணன் பயண நூல் எழுதுகிறவர். உங்கள் அலமாரியிலேயே ஒன்று இருக்கிறது, நீல அட்டை. அவரை ‘ர்’ போட்டு எழுதுவதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கை பழகிவிட்டது.

வருடத்துக்கு மூன்று தடவை, இரண்டு பயணங்களுக்கு நடுவே, அண்ணியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வருவார். பத்து நாள் இருப்பார். போகும்போது ஒரு துணிப்பையை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். அதற்குள் டிக்கெட்டுகள், ஓட்டல் சீட்டுகள், கை துடைத்த தாளில் கிறுக்கிய நாலு வரி, யாரோ ஒரு டிரைவரின் போன் நம்பர். “கொஞ்சம் சரி பண்ணிக் குடுத்துடு” என்பார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சரி பண்ணுவது.

நான் நாலு மாதம் உட்கார்ந்து சரி பண்ணுவேன். வரைபடத்தைத் தரையில் விரித்துவைத்துக்கொண்டு, நூலகத்திலிருந்து அந்த ஊரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் எடுத்துவந்து, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், கடைத்தெருவில் முதலில் எது கண்ணில் படும் என்று யோசித்து யோசித்து எழுதுவேன். அண்ணனுக்கு ஒரு ஊரில் சாப்பிட்டதும் சண்டை போட்டதும் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அந்த நீல அட்டைப் புத்தகத்தில் பனிமலைமேல் விடியும் காட்சி பதினான்கு பக்கம் வரும். படித்தவர்கள் கண் கலங்கினதாகச் சொல்வார்கள். அந்த விடியலின்போது அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அந்த மலையிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, அடுப்படியில் இருந்தேன்.

எனக்கும் பயணத்துக்கும் ஒத்துவராது. ஊர் தாண்டிப் பஸ்ஸில் போனால் வாந்தி வரும். அதனால் இதில் எனக்கு வருத்தம் இருந்ததே இல்லை. முதல் புத்தகத்தின் முன்னுரையில் ‘மெய்ப்புத் திருத்திய என் தங்கைக்கு நன்றி’ என்று ஒரு வரி இருந்தது. நாலாவதில் அது ‘மெய்ப்புத் திருத்தியவர்களுக்கு நன்றி’ என்று ஆனது. ஏழாவதில் முன்னுரையே இல்லை. அந்த மூன்றையும் திருத்தி அனுப்பியவள் நான்தான்.

அண்ணன் மகளை வீட்டில் எல்லோரும் வாலு என்று கூப்பிடுவோம். அவளுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஒருநாள் அந்தப் பனிமலைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். ஒரு பத்தியைச் சத்தமாகப் படித்தாள். “அத்தை, இது நீங்க எழுதுனதுதானே? அப்பாவுக்கு ‘மெல்ல’ங்கற வார்த்தையே தெரியாது” என்றாள். அப்பாவிடம் போய் எதுவும் கேட்டுவைக்காதே என்று வாயை அடைத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு வரும்போதெல்லாம், எந்தப் பக்கம் யாருடையது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வந்து காட்டுவாள். ஒன்றுகூடத் தப்பியதில்லை.

அம்மா போனபின் வீடு வாயை மூடிக்கொண்டது. பால் ஊற்றுகிறவர் ஐந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து, வேண்டாம் வேண்டாம் என்கிற என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். பின்கட்டில் பழைய புத்தக அலமாரியைப் படுக்கப்போட்டுக் கம்பி வலை அடித்துக் கூடு செய்தேன். பெயர் வைக்க வேறு எதுவும் தோன்றவில்லை. சின்னதாக இருந்தது காற்புள்ளி. இரண்டு கொத்துக் கொத்திவிட்டு நின்று யோசித்து மறுபடி கொத்துவது அரைப்புள்ளி. கழுத்துக் கோணலாக இருந்தது கேள்விக்குறி. முட்டையிட்டதைத் தெருவுக்கே அறிவிப்பது ஆச்சரியக்குறி. வாசல் குறுக்கே உட்கார்ந்துகொண்டு யாரையும் போகவிடாதது முற்றுப்புள்ளி. ஐந்தில் அரைப்புள்ளிதான் என் மடியில் வந்து உட்காரும். நான் ப்ரூஃப் படிக்கும்போது ஸ்கேலைக் கொத்தும்.

ஆறு வருடம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒரு கெட்டி அட்டை நோட்டில் எழுதினேன். யாருக்காகவும் சரி பண்ணவில்லை. இருநூற்றுப் பத்துப் பக்கம். மழை நாளில் கோழி எப்படி ஒற்றைக்காலில் நிற்கும், பருந்து நிழல் விழுந்தால் ஐந்தும் எப்படி ஒரே கோழியாக ஆகிவிடும், இப்படி. என் வாழ்நாளில் நான் எழுதிய புத்தகங்களில், அதில் வந்த ‘நான்’ மட்டும்தான் நான்.

வாலு அதை ஒரே மூச்சில் படித்தாள். அது அவள் செய்த தப்பு என்று சொல்லமாட்டேன். சாப்பிடும்போது சந்தோஷம் தாங்காமல் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டே, “குடு, படிச்சுட்டுத் தரேன்” என்றார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அன்று பள்ளிக்கூடத்துப் பெண்போல ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அடுத்த தடவை வந்தபோது கேமராக்காரர் ஒருவரையும் கூட்டிவந்தார். கோழிகளோடு நின்று, உட்கார்ந்து, தீவனம் போட்டு, விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டார். என் புத்தகத்துக்கு அட்டைப்படம் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கு அரைநாள் வேலை. மூன்று மணிக்கு வந்தேன். கூட்டில் நாலுதான் இருந்தன. அரைப்புள்ளியைக் காணோம். பின்கட்டுக் குப்பைக்கூடையில் பழுப்பு இறகுகள் கிடந்தன. உள்ளே மேசையில் கேமராக்காரரோடு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி எனக்கும் ஒரு தட்டு எடுத்துவைத்து, நல்ல எடையாக இருந்ததாகவும், சும்மா வளர்த்து என்ன செய்யப் போகிறாய் என்றும் சொன்னார். அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அஞ்சு இருக்குல்ல, ஒண்ணு போனா என்ன. இருக்கட்டும், உக்காரு” என்றார்.

என் சொல்லை எடுத்து எனக்கே பரிமாறினார். நான் உட்கார்ந்தேன், சாப்பிடவும் செய்தேன். நான் வீம்பு பிடிக்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வாலு சாப்பிடாமல் எழுந்துபோனாள். பின்கட்டில் கூட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் என் கோபத்துக்கு இடம் ஒதுக்கியதே கிடையாது. அதனால் அது எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் எனக்குள்ளேயே நின்றது. எச்சில் தட்டுகளை நான்தான் கழுவினேன்.

நாலு மாதம் கழித்து, பக்கம் கட்டுகிறவர் ஒரு ப்ரூஃப் கட்டைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். உங்கள் அண்ணன் புத்தகம், அவசரமாம் என்றார். முதல் தாளில் அண்ணன் பெயர் இருந்தது. இரண்டாம் தாளில் என் முதல் வரி இருந்தது.

வரிக்கு வரி என் நோட்டு. ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. கூடு செய்தது அவர். மழையில் நனைந்துகொண்டு தார்ப்பாய் கட்டியது அவர். மடியில் அரைப்புள்ளியை வைத்துக்கொண்டு அம்மாவை நினைத்தது அவர். அம்மா சாகும்போது அவர் எந்த ஊரில் இருந்தார் என்பது அவருக்கே ஞாபகம் இருக்காது. அந்த ஊரின் கடற்கரையை நான்தான் எழுதினேன். புத்தகம் முழுக்கத் தேடினேன். தங்கை என்கிற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

கடைசி அத்தியாயம் மட்டும் என் நோட்டில் இல்லாதது. புத்தகத்துக்கு ஒரு முடிவு வேண்டும் என்று அண்ணன் தாமே எழுதியிருந்தார். பிரியமாக வளர்த்த கோழியை விருந்தினருக்காகத் தம் கையாலேயே கொடுத்துவிட்டு, அன்று மனம் உடைந்துபோனதைப் பற்றி. அதற்காகத்தான் அன்றைக்கு அரைப்புள்ளி போயிற்று என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒன்பது பக்கம், பன்னிரண்டு பிழை. கறி வருகிற இடத்தில் எல்லாம் ‘கரி’. கடைசிப் பக்கத்தில் ‘அரைப்புள்ளி இரந்தது’ என்று இருந்தது. இரந்தது என்றால் கெஞ்சிக் கேட்டது என்று பொருள். அதுவும் நடந்திருக்கலாம். நான் வீட்டில் இல்லையே. பிறகு ரகரத்தை அடித்து றகரம் போட்டேன். பன்னிரண்டையும் திருத்தினேன். சம்பளம் வாங்குகிற வேலையில் நான் ஏமாற்றியதில்லை.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்தேன். முப்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டேன். என் நோட்டில் என் பெயர் எங்கே என்றேன்.

“உன் பேர்ல போட்டா யாரும்மா வாங்குவா? நம்ம வீட்டு விஷயம்தானே. யார் பேர்ல வந்தா என்ன” என்றார். சொல்லிவிட்டு அதே மூச்சில், அடுத்த வாரம் கிளம்புகிறேன், வழித்தாள் இன்னும் வரவில்லையே என்றார்.

வழித்தாள் என்பது இது. அண்ணன் எங்கே போனாலும், எத்தனை மணிக்கு எந்த வண்டி, எங்கே இறங்கி எப்படிப் போவது என்று ஒரே ஒரு தாளில் நான் டைப் செய்து தருவேன். இரண்டு தாள் ஆனால் படிக்க மாட்டார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அதில் இருப்பதுதான் வேதம். எதிரே ஆள் நின்று வேறு வழி சொன்னாலும் தாளைத்தான் நம்புவார். இதுவரை எந்தத் தாளிலும் ஒரு தவறு இருந்ததில்லை.

இந்தத் தடவை மலைக்குப் பின்னால், ஆற்றுக்கு அக்கரையில், ஆட்கள் விட்டுப்போன ஒரு கிராமம். பாலம் கிடையாது. பாறைகள்மேல் நடந்து ஆற்றைக் கடக்க வேண்டும். மேலே ஓர் அணை இருப்பது வரைபடத்தில் தெரிந்ததால், அந்த அணையின் இன்ஜினியருக்கு நான் முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தேன். அவர் பொறுப்பான மனிதர், இரண்டு பக்கம் பதில் எழுதினார். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை மதகு மூடியிருக்கும், அப்போது தாராளமாகக் கடக்கலாம். மாலையில் ஆற்றுப் பக்கமே போக வேண்டாம். வீடுகளில் விளக்குப் போடும் நேரம், மின்சாரம் நிறைய வேண்டும், அதனால் ஐந்தே முக்காலுக்கு மதகைத் திறப்போம். சங்கு ஊதுவோம், ஆனால் நீங்கள் சொல்லும் இடம் திருப்பத்தில் இருப்பதால் அங்கே கேட்காது. எச்சரிக்கைப் பலகையும் போன வெள்ளத்தில் போய்விட்டது. இவ்வளவும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

வழித்தாளை டைப் செய்தேன். ‘காலை’ என்பது ‘மாலை’ என்று விழுந்துவிட்டது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். காலை என்று நினைத்து மாலை என்று எழுதாதவர்கள் எங்கள் தொழிலில் யாரும் இல்லை. மாலையில் போக வேண்டாம் என்ற வரியைச் சேர்க்க இடம் போதவில்லை.

ஒரு நகல் எடுத்து, வழக்கம்போல ஸ்கேல் வைத்துப் படித்தேன். பிழை கண்ணில் பட்டது. படாமல் எப்படி இருக்கும். சிவப்புப் பேனாவால் ‘மா’வை அடித்தேன். பிறகு அந்தச் சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினேன். அன்றிலிருந்து என் கைப்பையிலேயே இருக்கும் அந்த நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நல்ல தாளை உறையில் போட்டு அண்ணனுக்கு அனுப்பினேன்.

நான் எதையும் செய்யவில்லை, ஒரு பிழையைத் திருத்தாமல் விட்டேன், அவ்வளவுதான் என்பது என் கணிப்பு. திருத்துவது என் வேலை. ஆனால் வழித்தாளுக்கு யாரும் எனக்குச் சம்பளம் தரவில்லை. முப்பது வருடம் அவருடைய ஒவ்வொரு பிழையையும் துடைத்தேன். ஒன்றே ஒன்று அவரோடு போகட்டும் என்று நினைத்தேன்.

கிளம்புகிற நாள் காலையில் ரயில் நிலையத்திலிருந்து வாலு போன் செய்தாள். காலேஜ் லீவு, தானும் அப்பாவோடு போவதாகச் சொன்னாள். தாளை அப்பா தொலைத்துவிடுவார் என்று தன் பையில் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அதை எடுத்து எனக்கே படித்துக் காட்டினாள்.

“ஆத்தக் கடக்கறது மாலை அஞ்சரைலேந்து ஏழு வரைக்கும்னு போட்டிருக்கீங்க. அது சரிதானே அத்தை?”

பின்கட்டில் ஆச்சரியக்குறி முட்டையிட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.

“தாள்ல இருக்கறதுதான்” என்றேன்.

“அப்ப சரி. நீங்க போட்டா தப்பே இருக்காது” என்றாள். பத்திரமாகப் போய்வா என்று சொன்னேன். அதை மனதாரத்தான் சொன்னேன். போனை வைத்த பிறகு அவர்கள் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர இன்னும் முப்பத்துமூன்று மணி நேரம் இருந்தது. அவள் போன் நம்பர் எனக்கு மனப்பாடம். நீங்கள் இதைத்தான் குடைந்து கேட்பீர்கள் என்று தெரியும். நான் அன்று கூட்டைக் கழுவினேன். மறுநாள் வேலைக்குப் போனேன். வேறு ஒருவரின் சமையல் புத்தகத்தில் நாற்பது பக்கம் திருத்தினேன். கூப்பிட்டுச் சொன்னால் காரணம் கேட்பார்கள். தவறுதலாக விழுந்துவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் அண்ணன் சிரித்துக்கொண்டே, இருக்கட்டும் விடு என்பார். அதை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது. ஆமாம், அவ்வளவுதான் காரணம்.

மற்றது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. மாலை ஐந்தரைக்கு ஆறு வற்றித்தான் கிடந்தது. அண்ணன் கரையில் நின்று கேமராவைச் சரி செய்துகொண்டு, நடுப்பாறைக்குப் போய்த் திரும்பிப் பார் என்று அவளை முதலில் அனுப்பினார். அவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் கரையில் இருந்தார். தண்ணீருக்கு அது தெரியாது. இரண்டு நாள் கழித்து ஆறு மைல் கீழே கிடைத்தாள்.

ஒன்பதாம் நாள் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். தனியாக, பை எதுவும் இல்லாமல் வந்தது அதுதான் முதல் தடவை. முகம் சவரம் செய்யாமல் இருந்தது. அடுப்படியில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து வழித்தாளை எடுத்து மேசைமேல் பிரித்தார். கரையில் கிடந்த அவள் பையிலிருந்து எடுத்ததாம். ‘மாலை’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார்.

“இத நான்தான் அடிச்சேன். அவசரத்துல காலைக்குப் பதிலா மாலைன்னு அடிச்சிட்டேன். போலீஸ்ல அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன். யாரு வந்து கேட்டாலும், நீ எதையும் டைப் பண்ணல. புரியுதா?”

நான்தானே அடித்தேன் என்றேன்.

“இல்ல, நான்” என்றார். “நீ எதையும் மனசுல வச்சுக்காத. நீயாவது நல்லா இரு.”

என் தலைமேல் கையை வைத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மேடம். என் விடியலை எடுத்துக்கொண்டார். என் கடற்கரையை, என் கோழிகளை, என் அம்மாவின் சாவை எடுத்துக்கொண்டார். ஒரு தாளில் ஒரு சொல் மிச்சம் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போக நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அன்று வந்த கோபம் அரைப்புள்ளி செத்த அன்றுகூட வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அவருடைய பேட்டி வந்திருக்கிறது. ‘என் கையால் எழுதிய ஒரு சொல் என் மகளைக் கொன்றது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இன்று பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் அதைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். எவ்வளவு நன்றாக எழுதுகிறார் பாருங்கள் என்று என்னிடம் காட்டினாள். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நேராக இங்கே வந்தேன்.

நீங்களும் என்னைத் திருப்பி அனுப்பத்தான் பார்த்தீர்கள். உங்கள் அண்ணன் ஏற்கெனவே ஒத்துக்கொண்டார் அம்மா, கவனக்குறைவு, அதோடு முடிந்தது, பெற்றவருக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா, நீங்கள் துக்கத்தில் ஏதோ பேசுகிறீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்றீர்கள். நான் துக்கத்தில் இல்லை. இதை எழுதியபின் ஒரு தடவை ஸ்கேல் வைத்துப் படித்துப் பார்த்தேன். இரண்டு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது.

மாலை ‘என்று விழுந்துவிட்டது’ என எழுதியிருக்கிறேன். அது பிழை. எதுவும் விழவில்லை. முதலில் ‘காலை’ என்றுதான் டைப் செய்தேன். ‘கா’வை எடுத்துவிட்டு ‘மா’ போட்டேன். அதற்குப் பிறகு அதைப் புதிதாகக் கண்டுபிடிப்பதுபோல ஸ்கேல் வைத்துப் படித்தேன். அடுத்தது, ‘இடம் போதவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். தாளின் அடியில் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளையாகத்தான் இருந்தது. இந்த இரண்டு இடத்தையும் அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உங்கள் கோப்பில் அந்தத் தாளுக்கு நேராக அண்ணன் பெயர் இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். அவர் இதில் ஒரு சொல்கூட எழுதவில்லை. அந்த எழுத்து என்னுடையது. இந்தத் தடவை என் பெயர் வர வேண்டும்.